பழைய கூட்டில் புது செட்

மிருகக்காட்சி சாலையில் நாற்பத்தாறு வாக்கி டாக்கிகள் இருந்தன. குளிப்பாட்டித் தலை துவட்டாத குறையாக அவற்றைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் ரேடியோக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். பறவைத் தீவனம் கலக்கும் கொட்டகைக்கும் மருந்து அறைக்கும் நடுவே அவளுக்கென்று ஓர் அறை இருந்தது. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சுவர் முழுக்க சார்ஜர் தட்டுகள், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியின் தலை தினம் நாலைந்து முறை வந்து போகும். உடம்பு எங்கோ வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும். தலை மட்டும் வந்து, இவள் திருகாணியைத் தேடுவதை நிதானமாக வேடிக்கை பார்த்துவிட்டுப் போகும். பார்க்கிறதே தவிர குறை சொல்வதில்லை. அதனாலேயே ரேடியோக்காரிக்கு அதை ரொம்பப் பிடிக்கும்.

குறை சொல்லாத ஒரு ஜீவன் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளைக் கேட்டால்தான் தெரியும். இந்த அறைக்கு வருவதற்கு முன் எட்டு வருஷம் அவள் டிக்கெட் கவுன்டரில் இருந்தாள். அந்தக் கண்ணாடிக் கூண்டில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் இவள், மற்றதில் இவள் அண்ணி என்று கூப்பிடுகிற நாத்தனார். கணவனின் அக்கா என்பதோடு, ஒரே வீட்டில் முன் அறையில் இருப்பவர். கவுன்டருக்கும் அவர்தான் பொறுப்பு. காலையில் வீட்டில், "அடுப்பை ஏன் இவ்வளவு பெரிசா வைக்கிற?" ஒன்பது மணிக்குக் கவுன்டரில், "சீட்டை ஏன் இவ்வளவு கோணலாக் கிழிக்கிற?" சாயங்காலம் மறுபடி வீட்டில், "துணியை ஏன் இப்படி மடிக்கிற?" வீட்டிலும் அண்ணி, வேலையிலும் அண்ணி, நடுவில் பஸ்ஸிலும் பக்கத்து சீட்டில் அண்ணி. மனுஷி எங்கே போய் மூச்சு விடுவாள்?

மூன்று வருஷத்துக்கு முன் ரேடியோ அறைக்கு ஆள் தேவை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஒட்டிய பசை காய்வதற்குள் இவள் மனு எழுதிக் கொடுத்துவிட்டாள். இரண்டு வாரப் பயிற்சிக்குப் போனாள். திரும்பி வந்து இந்த அறைக் கதவைத் திறந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, யாருமே எதுவுமே சொல்லாத ஐந்து நிமிஷம் கிடைத்தது. அந்த ஐந்து நிமிஷம் அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வேலையும் அவளுக்கு வெல்லமாக இனித்தது. வாக்கி டாக்கியைப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். அதே கறுப்பு முகம், தலையில் அதே இரண்டு குமிழ்கள், பக்கவாட்டில் பேசும்போது அமுக்குகிற அதே பட்டன். ஆனால் ஒரே பெயரில் வருகிற செட்டிலேயே வகைகள் உண்டு. ஒரு வகை நானூற்று மூன்று மெகாஹெர்ட்ஸிலிருந்து நானூற்று எழுபது வரை பேசும். இன்னொன்று நானூற்று ஐம்பதில் தொடங்கி ஐந்நூற்று இருபது வரை. வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழி கிடையாது. பேட்டரியைக் கழற்றினால் பின்னட்டையில் ஒரு லேபிள். அதில் மூச்சு முட்டுகிற நீளத்துக்கு ஒரு மாடல் எண். அதன் நடுவே ஓர் எழுத்து. அந்த எழுத்து ஆர் என்றால் முதல் வகை, எஸ் என்றால் இரண்டாவது. மற்ற எழுத்தெல்லாம் ஊர்வலத்தில் கூட வருகிறவர்கள். மாப்பிள்ளை அந்த ஒன்றுதான்.

இதையெல்லாம் அவள் தினம் சாயங்காலம் வீட்டில் சொல்வாள். அண்ணி சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "எனக்கு ஒரு மண்ணும் புரியல" என்று சொல்லிக்கொண்டே கேட்பார்.

இப்போது கதைக்கு வருவோம். மிருகக்காட்சி சாலை இத்தனை நாளாக நானூற்று ஐம்பத்தைந்தில் பேசிக்கொண்டிருந்தது. ஆறு மாதம் முன்பு அதே எண்ணில் ஒரு கான்கிரீட் கலவைக் கூடம் வந்து சேர்ந்தது. எப்படி வந்தது, யார் அனுமதித்தது என்பதெல்லாம் தனிக் குழப்பம். விளைவு என்னவென்றால், நீர்யானைக்கு எத்தனை கூடை தீனி என்று கேட்டால், "ரெண்டு லாரி அனுப்பிட்டேன், ஓவர்" என்று பதில் வந்தது. மான் குட்டி போட்ட செய்தியை ரேடியோவில் சொன்னபோது முதலில் வாழ்த்துச் சொன்னது கலவைக் கூடத்து ஆள். தாயும் சேயும் நலமா என்று வேறு விசாரித்தான்.

சரிப்படாது என்று கண்காணிப்பாளர் தனி எண்ணுக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் ஒரு கட்டம்: செட்டுகளின் வகையும் அலைவரிசை வீச்சும். அதை நிரப்புகிற வேலை ரேடியோக்காரிக்கு. நாற்பத்தாறு பேட்டரியையும் கழற்றி, நாற்பத்தாறு லேபிளையும் படித்து, மணி மணியான கையெழுத்தில் எழுதினாள்: அனைத்தும் ஆர் வகை, 403 முதல் 470 வரை. கீழே கையெழுத்தும் போட்டாள். லைசன்ஸ் அலுவலகம் நானூற்று முப்பத்தெட்டைக் கொடுத்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி நேரில் வந்து சோதிப்பார் என்று கடிதமும் வந்தது.

புதன்கிழமை மதியம் ரேடியோக்காரி வேலையைத் தொடங்கினாள். பழைய எண் ஒன்றாம் சானலில் இருக்கட்டும், புதியதை இரண்டாம் சானலில் ஏற்றுவோம் என்று செட்டுகளை ஐந்து ஐந்தாக வரவழைத்தாள். கேபிளைச் செருகி, எண்ணைத் தட்டி, ஏற்றி, கழற்ற வேண்டும். நாலு செட்டு சமர்த்தாக ஏற்றுக்கொண்டன. ஐந்தாவது கரடிக்காரருடையது. கரடிகளைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் கரடிக்காரர். மற்றபடி பூஞ்சை உடம்பு. அந்தச் செட்டில் எண்ணைத் தட்டியதும் கம்ப்யூட்டர் சிவப்பில் ஒரு பெட்டியைக் காட்டியது. இந்த எண் இந்தச் செட்டின் வீச்சுக்கு வெளியே இருக்கிறது.

கேபிளில் தூசி என்று நினைத்து ஊதினாள். வேறு கேபிள் மாற்றினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். சிவப்புப் பெட்டி அசையவில்லை. அப்புறம்தான் திரையின் மூலையைப் பார்த்தாள். செட்டின் உள்ளே எழுதியிருக்கும் மாடல் எண்ணைக் கம்ப்யூட்டர் தானாகப் படித்து அங்கே காட்டும். நடுவில் இருந்த எழுத்து எஸ். பேட்டரியைக் கழற்றி லேபிளைப் பார்த்தாள். ஆர். மறுபடி திரை. எஸ்.

அந்த நிமிஷம் அவளுக்கு எல்லாம் விளங்கியது.

இரண்டு வருஷத்துக்கு முன் பழைய செட்டுகளில் இருபது உயிரை விட்டன. புதிதாக இருபது வந்தன. அதே பெயர், அதே முகம். ஆனால் கொடுத்த மறுநாளே கரடிக்காரர் திரும்பக் கொண்டு வந்து மேஜையில் வைத்தார். "இது என் செட் இல்லம்மா" என்றார். அவருடைய பழைய செட்டின் ஓரத்தில் ஒரு கரடிக்குட்டி கடித்த பள்ளம் இருந்தது; கட்டைவிரல் அதில்தான் போய் உட்காரும். யானைக்காரர் தன் பழைய செட்டில் சூடான ஊசியால் ஒரு புள்ளி வைத்திருந்தார். ஒரு கை யானை மேல் இருக்கும்போது, பார்க்காமலேயே குமிழைத் தடவிக் கண்டுபிடிக்க அந்தப் புள்ளி வேண்டும். பாம்புக்காரி ஈரக்கையில் வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தாள். இருபது பேருக்கும் இருபது நியாயம்.

"இவ்வளவுதானே? வெளிக்கூட்டை மாத்திக் குடுத்துட்டாப் போச்சு" என்று சொன்னாள் ரேடியோக்காரி. குமிழ்களைப் பிடுங்கி, பின்னால் இரண்டு திருகாணியைக் கழற்றினால் உள்ளே இருப்பது முழுசாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். செத்துப்போன செட்டின் கூட்டைச் சுத்தமாகத் துடைத்து, புது செட்டின் உள்பாகத்தை அதில் ஏற்றினாள். இருபதையும் அப்படியே செய்தாள். மறுநாள் கரடிக்காரர் செட்டை வாங்கிக் கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்து, "வந்துட்டியா?" என்று அதனிடமே கேட்டார். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் லேபிள் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துவிட்டது. உண்மையான லேபிள் ஒட்டியிருந்த புதுக் கூடுகள் பழைய சாமானோடு போய்ச் சேர்ந்தன. பழைய லேபிள்கள் பழைய கூட்டில் கம்மென்று உட்கார்ந்திருந்தன.

நானூற்று ஐம்பத்தைந்து இரண்டு வகைக்குமே எட்டுகிற எண். அதனால் இரண்டு வருஷமாக ஒன்றும் வெளியே தெரியவில்லை. நானூற்று முப்பத்தெட்டு எஸ் வகைக்கு எட்டாது. ஐந்து மணிக்குள் எல்லாச் செட்டையும் பார்த்து முடித்தாள். இருபத்தாறு ஏற்றுக்கொண்டன. இருபது மாட்டேன் என்றன.

கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. காகிதத்தில் தப்பு எழுதினவர் பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும். "புலிக்குப் பதிலாப் பூனைன்னு எழுதறவங்க கையில பேனா இருக்கக் கூடாது" என்பார். தீவனப் பட்டியலில் ஒரு சைபர் கூடப் போட்ட சரக்கறைக்காரர் மறுநாளே துடைப்பத்தோடு நின்றதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ரேடியோக்காரியின் பழைய வேலை எது? கண்ணாடிக் கூண்டு. அங்கே இப்போது ஓர் ஆள் குறைவாகவும் இருந்தது. நாற்காலி தயாராகக் காத்திருந்தது என்றே சொல்லலாம்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் வாயைத் திறக்கவில்லை. கணவன் பேருந்து ஓட்டிவிட்டு வந்த களைப்பில் கவனிக்கவில்லை. அண்ணி கவனித்தார். "என்ன, இன்னிக்கு உன் பெட்டிங்க எல்லாம் ஊமையாயிடுச்சா?"

"தலைவலி அண்ணி."

"அடுப்புக்கிட்ட அவ்வளவு நேரம் நின்னா வலிக்காம என்ன செய்யும்?" என்றார் அண்ணி. அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் சோபாவில் ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருந்தார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே ரேடியோக்காரி அறைக்கு வந்துவிட்டாள். இரவெல்லாம் யோசித்ததில் ஒரு குறுக்கு வழி மண்டையில் முளைத்திருந்தது. எண்ணைத் தட்டும்போது இன்னொரு பட்டனையும் சேர்த்து அமுக்கிக்கொண்டால், வீச்சுக்கு வெளியே இருக்கும் எண்ணையும் கம்ப்யூட்டர் வாய் திறக்காமல் விழுங்கிவிடும். பயிற்சி வகுப்பில் வாத்தியார், "இதைச் செய்யவே கூடாது" என்று சொல்லி, எப்படிச் செய்வது என்று விலாவாரியாகக் காட்டியிருந்தார். கரடிக்காரரின் செட்டை எடுத்துச் செய்து பார்த்தாள். விழுங்கிவிட்டது. திரையில் சாதுவாக நானூற்று முப்பத்தெட்டு. மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பேசிப் பார்த்தாள், கணீரென்று கேட்டது. இருபதுக்கும் இப்படியே ஏற்றிவிட்டால் அதிகாரி வருவார், பார்ப்பார், போவார். ஒரு பூச்சிக்கும் தெரியாது.

ஆனால் மேஜைக்கு அந்த முனையில் கரடி இருக்காதே என்று ஒரு நினைப்பு வந்தது. சரி, ஒரு தடவை தூரத்தில் பார்த்துவிடுவோம் என்று, சரியாக வேலை செய்யும் ஒரு செட்டை எடுத்துக்கொண்டு வாசல் கவுன்டருக்குப் போனாள். கூட்டம் வர இன்னும் நேரம் இருந்தது.

"அண்ணி, இதைக் கையில வச்சுக்கோங்க. ரெண்டாம் சானல். நான் கூப்பிட்டா பதில் சொல்லுங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணி வாங்கிக்கொண்டார்.

ரேடியோக்காரி கரடிக்காரரின் செட்டோடு உள்ளே நடந்தாள். பறவைக் கூண்டு வரை அண்ணியின் குரல் நன்றாகக் கேட்டது. "கேக்குது, கேக்குது, நிமிர்ந்து நட" என்றார். குரங்குகள் பக்கம் போனபோது குரல் தேய்ந்தது. யானைத் தொட்டியைத் தாண்டியதும் பாதிச் சொல் வந்தது, பாதி வரவில்லை. கோடியில் இருந்த கரடிக் குகையின் கம்பிக் கதவருகே நின்று, "அண்ணி, கேக்குதா?" என்றாள். உஸ்ஸென்ற சத்தம் மட்டும் வந்தது. மறுபடி கூப்பிட்டாள். உஸ். நாலாவது முறை கூப்பிட்டபோது, கம்பிக்கு அந்தப் பக்கம் பெரிய கரடி எழுந்து நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தது.

திரும்பி வாசலுக்கு வந்தால் அண்ணி முகம் சிவந்திருந்தது. "எத்தனை தடவை கத்துறது? கேக்குது கேக்குதுன்னு தொண்டை கிழியக் கத்துறேன், நீ பாட்டுக்கு அண்ணி அண்ணின்னு ஏலம் போட்டுட்டு இருக்க! நான் கத்தினது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும், உனக்கு மட்டும் கேக்கல!"

ரேடியோக்காரி கவுன்டர்ப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விழுங்கிய எண்ணை அந்தச் செட்டால் செரிக்க முடியவில்லை. இது சொல்வது மற்றவர்களுக்குக் கேட்கிறது. மற்றவர்கள் சொல்வது இதற்குக் கேட்கவில்லை. கதவு சரியாகப் பூட்டவில்லை, உள்ளே போகாதீர்கள் என்று யாராவது கத்தினால், கரடிக்காரர் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நிம்மதியாக உள்ளே போவார். அங்கேயே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடி, லேபிள், கூடு, படிவம், கையெழுத்து எல்லாவற்றையும் அண்ணியிடம் கொட்டித் தீர்த்தாள்.

அண்ணி முழுசாகக் கேட்டார். அதிசயமாக, நடுவில் ஒரு குறையும் சொல்லவில்லை. கடைசியில், "போய்ச் சொல்லிடு" என்றார். "அவங்களாக் கண்டுபிடிச்சுக் கேக்கறதுக்கு முன்னாடி நீயாப் போய்ச் சொல்லிடு."

"சொன்னா இங்க அனுப்பிடுவாங்க அண்ணி."

அண்ணி காலி நாற்காலியைப் பார்த்தார். அதில் தூசி இல்லை. தினம் துடைத்து வைக்கிறார் போலிருக்கிறது. சரி, அவருக்கும் துணைக்கு ஆள் வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ரேடியோக்காரி எழுந்தாள். முதல் வேலையாகக் கரடிக்காரரின் செட்டிலிருந்து அந்த எண்ணை அழித்துவிட்டு, கண்காணிப்பாளரைப் பார்க்கப் போனாள்.

அதிகாரி பத்தரைக்கே வந்து அங்கே உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பெண்மணி. மடியில் கைக்குழந்தை மாதிரி ஒரு மீட்டர். இருவர் முன்னாலும் ரேடியோக்காரி நின்று சொன்னாள். படிவத்தில் தான் எழுதியது தப்பு. இருபது செட்டு வேறு வகை. கூட்டை மாற்றியது தான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. குறுக்கு வழியில் காலையில் ஒரு செட்டில் ஏற்றிப் பார்த்ததையும் சொன்னாள்.

"அந்த இருபதையும் அப்படி ஏத்தி வச்சிருந்தீங்கன்னா, மீட்டர்ல நான் கண்டுபிடிச்சிருப்பேன். கண்டுபிடிச்சு உங்க அறையைப் பூட்டி சீல் வச்சிருப்பேன்" என்றார் அதிகாரி. கோபமில்லாமல், மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார். "இப்ப என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?"

"ஒரு வகை நானூத்தி எழுபதுல முடியுது மேடம். இன்னொண்ணு நானூத்தி அம்பதுல ஆரம்பிக்குது. நடுவுல இருக்கற இருபதுக்குள்ள ஏதாவது ஒரு எண் குடுத்தீங்கன்னா ரெண்டுக்கும் ஆகும்."

"ரெண்டு வகைன்னு எழுதியிருந்தா அதைத்தான் முதல்லயே குடுத்திருப்போம்." அதிகாரி மீட்டரைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "ஒவ்வொண்ணா எனக்குக் காட்டுங்க. எது எந்த வகைன்னு என் கண்ணால பாத்துப் புதுப் படிவம் எழுதறேன். எத்தனை செட்டு?"

"நாற்பத்தாறு."

"நல்லது" என்றார் அதிகாரி. உண்மையிலேயே சந்தோஷப்பட்ட மாதிரிதான் இருந்தது.

ரேடியோ அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஐந்து ஐந்தாகச் செட்டுகள் வந்தன. ரேடியோக்காரி கேபிளைச் செருகுவாள், திரையின் மூலையில் எழுத்து வரும், அதிகாரி படித்துக் குறித்துக்கொள்வார். சந்தேகம் வந்த ஒன்றிரண்டைக் கழற்றியும் காட்டினாள். உள்ளே தகட்டின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒட்டியிருந்த எழுத்தை அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பாம்புக்காரியின் செட்டில் ஆன்டெனா மட்டும் ஆர் வகைக்கு வெட்டியது என்பதை ரேடியோக்காரி அடியில் இருந்த வண்ணப் புள்ளியை வைத்தே சொன்னதும், அதிகாரி கண்ணாடிக்குள்ளாகவே அவளை ஒருமுறை பார்த்தார். ஒட்டகச்சிவிங்கியும் வந்து பார்த்துவிட்டுப் போனது. தலைக்கு மேல் கத்தி தொங்குகிற நேரத்திலும் இந்த வேலை இப்படி இனிக்கிறதே என்று அவளுக்கு அழுகையே வந்தது. இன்றைக்கு மட்டும்தானே என்று நினைத்து ஒவ்வொரு செட்டையும் கொஞ்சம் கூடுதலாகவே துடைத்து வைத்தாள்.

கண்காணிப்பாளர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பதாவது செட்டு முடிந்ததும் தொண்டையைக் கனைத்தார். "மேடம் சரி பண்ணிக் குடுக்கறாங்க, சந்தோஷம். ஆனா சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். திங்கக்கிழமையிலேருந்து நீங்க கவுன்டர்."

"சரிங்க சார்" என்றாள் ரேடியோக்காரி. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

கண்காணிப்பாளருக்கு எதையும் ஊரைக் கூட்டித்தான் பேச வரும். இடுப்பிலிருந்த செட்டை எடுத்து, பழைய எண் இருந்த ஒன்றாம் சானலிலேயே கூப்பிட்டார். "கவுன்டர், கவுன்டர். உங்ககிட்ட ஆள் குறைவா இருக்குன்னீங்களே. உங்க தம்பி பொண்டாட்டியவே திங்கக்கிழமையிலேருந்து திருப்பி அனுப்பறேன். ஓவர்."

யானைக்காரர், கரடிக்காரர், பாம்புக்காரி, மருந்து அறை, எல்லார் கையிலும் இடுப்பிலும் அந்தக் குரல் ஒலித்தது.

"வேண்டாம் சார்" என்றார் அண்ணி.

கண்காணிப்பாளர் செட்டைத் தட்டிப் பார்த்தார். "என்ன வேண்டாம்? ஓவர்."

"அவ வேண்டாம் சார். எட்டு வருஷம் என் பக்கத்துல உக்காந்திருந்தா. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நான் அவளை ஏதாவது சொல்லிட்டே இருப்பேன். என் வாய் அப்படி, எனக்கே தெரியும், நிறுத்த வராது. அவ ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டா. வீட்டுக்கு வந்தாலும் பேச மாட்டா. தட்டை வைப்பா, எடுப்பா, போய்ப் படுத்துருவா. எட்டு வருஷம் அந்த வீட்டுல நான் சுவத்தோடதான் பேசிட்டு இருந்தேன் சார்."

அண்ணி ஓவர் சொல்ல மறந்துவிட்டார், பட்டனையும் விடவில்லை.

"இந்த மூணு வருஷமா சாயங்காலம் ஆனா வந்து உக்காந்து பேசுறா. ஆர்ங்கிறா, எஸ்ங்கிறா, நானூறுங்கிறா. எனக்கு ஒரு எழவும் புரியறதில்ல. ஆனா சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறா சார். நேத்து சாயங்காலம் பேசல. எனக்குச் சாப்பாடு இறங்கல. இங்க வேற யாரை வேணும்னாலும் போடுங்க, இல்ல நான் ஒருத்தியே ரெண்டு ஆள் வேலையும் பாக்கறேன். அவளை அங்கேயே விட்டுடுங்க. ஓவர்."

பிறகு கலவைக் கூடத்திலிருந்து ஒரு குரல், "அம்மா சொல்றது நியாயமாத்தான் தெரியுது சார், ஓவர்" என்றது. அதன் பின்னாலேயே யானைக்காரர், "யானைப் பக்கமும் அதேதான் சார்" என்றார். கரடிக்காரர், "எனக்காகத்தான் சார் கூட்டை மாத்துச்சு அந்தப் பொண்ணு. அனுப்பறதா இருந்தா என்னையும் கவுன்டருக்கு அனுப்புங்க" என்றார். கரடிக்காரர் கவுன்டரில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் கூட்டத்தைக் கண்டாலே வியர்த்துவிடும்.

கண்காணிப்பாளர் கையிலிருந்த செட்டைப் பார்த்தார், ரேடியோக்காரியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அதிகாரி தலையைத் தூக்காமல், "இருபதாவது செட்டு எங்க? இவங்களை அனுப்பிட்டா மீதியை எனக்கு யார் பிரிச்சுச் சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

"லேபிள் எல்லாத்தையும் மாத்தி ஒட்டணும்" என்றார் கண்காணிப்பாளர் கடைசியில். "இந்த வாரத்துக்குள்ள. நான் வந்து ஒவ்வொண்ணாக் கழற்றிப் பாப்பேன்." சொல்லிவிட்டு வேகமாக வெளியே போய்விட்டார்.

ரேடியோக்காரி மேஜை மேலிருந்த செட்டை எடுத்துப் பட்டனை அமுக்கினாள். "அண்ணி" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கண்ணிலிருந்துதான் வந்தது. பட்டனை அமுக்கியபடியே அழுதாள். நாற்பத்தாறு செட்டிலும், கலவைக் கூடத்திலும், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் விட்டால்தானே மற்றவர்கள் பேச முடியும்? யானைக்காரர் தண்ணீரை நிறுத்தச் சொல்ல முடியாமல் தவித்தார். தொட்டி வழிந்தது.

ஒருவழியாக அவள் விரல் தளர்ந்ததும் அண்ணியின் குரல் பாய்ந்து வந்தது. "பட்டனை ஏன்டி அவ்வளவு நேரம் பிடிக்கிற?"